‘மாற்றிவெச்சு’ என்றால் மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை: நகரசபைக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகப் போன நகரசபைக் கூட்டத்தில் எங்கள் சந்து விளக்கு அஜண்டாவில் பதினாலாவதாக இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நம்பரை வாசித்தார்கள். இரண்டு கவுன்சிலர்கள் எழுந்து வேகமாக எதையோ பேசினார்கள். தலைவி “மாற்றிவெச்சு” என்றார். அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம், “அத்தை, லைட்டை மாத்திட்டாங்களாம்” என்றேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாத்தல கண்ணு. மாற்றிவெச்சுன்னா தள்ளிப் போட்டாச்சுன்னு அர்த்தம்.”

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். இங்கே என்றால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, ஊர்க்காரர்களோடு இன்னும் பல வருஷம் வாழ வேண்டியிருக்கிறது. என்னைப் போல வேலந்தாவளமோ கோபாலபுரமோ மீனாட்சிபுரமோ தாண்டி வந்து குடியேறியவர்கள், தோப்பு வேலைக்கு வந்து இங்கேயே வாக்காளர் அட்டை வாங்கியவர்கள், சாக்கடை, தெருநாய், கொசு, இருட்டுச் சந்து என்று ஏதாவது ஒன்றுக்காக ‘நகரசபையில் போய்க் கேட்டுவிட வேண்டும்’ என்று கிளம்புகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கூட்டம்?

முதலில் நீங்கள் இருப்பது நகரசபையா, கிராமப் பஞ்சாயத்தா என்று பாருங்கள். வீட்டு வரி ரசீதின் தலையிலேயே போட்டிருக்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி என்றால் பஞ்சாயத்து. சித்தூர்–தத்தமங்கலம், பாலக்காடு என்றால் நகரசபை. பஞ்சாயத்தில் வாக்காளர்கள் கூடும் கூட்டம் கிராம சபை. நகரத்தில் அதுவே வார்டு சபை. ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கிற பாலக்காடு மாதிரி நகரங்களில் மட்டும் அதற்குப் பதிலாக வார்டு கமிட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சபை கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதன் உறுப்பினர்தான், யாரும் அழைப்பிதழ் வைக்கத் தேவையில்லை.

இதற்கு மேலே இருப்பதுதான் கவுன்சில் கூட்டம். மாதத்துக்கு ஒன்றாவது நடக்கும். அங்கே பேசுகிறவர்கள் கவுன்சிலர்கள் மட்டும். நாம் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து கேட்கலாம், எழுந்து பேச முடியாது. இது தெரியாமல் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், கதவருகே சத்தம் போட்டுவிட்டு, ‘நம்ம பேச்சை எவன் கேக்கறான்’ என்று திரும்பி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கவுன்சில் கூட்டம் முகூர்த்த நேரம் மாதிரி. பெண் பார்த்து, சீர் பேசி, நாள் குறித்து எல்லாம் முன்பே முடிந்திருக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் மேடையேறிச் சீர் பேசினால் யார் கேட்பார்கள்? நாம் பேச வேண்டிய இடம் வார்டு சபைதான். அதற்கு அடுத்த ஸ்டாண்டிங் கமிட்டிக்கு, அதாவது ஒவ்வொரு துறையையும் கவனிக்கிற கவுன்சிலர் குழுவுக்கு, மனு மூலம் போகலாம். கவுன்சிலுக்குப் போவது, பேசியது பேசியபடி வந்ததா என்று பார்க்க.

இன்னொன்று. 2025 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கேரளம் முழுக்க வார்டு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். பழைய ரசீதில் இருக்கிற வார்டு நம்பரை நம்பிப் பக்கத்து வார்டு சபைக்குப் போய் உட்கார்ந்து விடாதீர்கள். புதிய வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளரான ஆஷா வர்க்கரிடம் கேளுங்கள். எந்த வீடு எந்த வார்டு என்று கவுன்சிலருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

வார்டு சபைக்குப் போனால் குடும்பஸ்ரீ (மகளிர் சுயஉதவிக் குழு) அக்காமார்தான் அதிகம் இருப்பார்கள். வீடு, ஆடு, கோழி, கக்கூஸ் மானியம் என்று பயனாளிகள் பட்டியல் அங்கே வாசிக்கப்படுவதால் அவர்கள் தவறாமல் வருவார்கள். ‘நமக்கு எந்த மானியமும் வேண்டாம், பின்னே எதுக்குப் போக?’ என்று நினைக்கிற வீடுகளின் சாக்கடைதான் கடைசிவரை மூடாமல் கிடக்கிறது. போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். கிராம சபையில் பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கை.

எது அவர்கள் கையில், எது இல்லை

பாதி மனக்கசப்பு இது தெரியாததால் வருவது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. நகரசபைக்குக் கொடுக்கலாம் என்று அதில் 18 வேலைகள் இருக்கின்றன. பொது சுகாதாரம், குப்பை, குடிநீர், தெருவிளக்கு, சுடுகாடு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. போலீஸ் இல்லை. போலீஸ் மாநில அரசின் கையில். ஆகவே ‘எங்கள் தெருவில் ராத்திரி ரோந்து போடுங்கள்’ என்று நகரசபையிடம் கேட்டால், அவர்களால் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுத முடியும், அவ்வளவே. அதே தெருவில் விளக்குப் போட, புதர் வெட்ட, ஓடைக்கு மூடி போட, இடிந்த சுவர்க்காரருக்கு நோட்டீஸ் விட அவர்களால் முடியும். பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் இந்த நாலும் எவ்வளவு பெரிய பங்கு என்பது இருட்டில் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருகிறவர்களுக்குத் தெரியும்.

ரோந்து கேட்க வேறு வாசல் இருக்கிறது. கேரளப் போலீஸ் 2008 முதல் ஜனமைத்ரி என்று, மக்களோடு சேர்ந்து வேலை செய்கிற திட்டம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பீட் ஆபீசர் உண்டு. அவர் முகமும் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் விஷயம் என்றால் வார்டு அளவில் ஜாக்ரதா சமிதி இருக்கிறது, கவுன்சிலர்தான் அதற்குத் தலைவர். அவசரம் என்றால் எந்தச் சமிதிக்கும் காத்திருக்காமல் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

தெருவிளக்கு கொஞ்சம் சிக்கல். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. விளக்கைப் போடுவதும் அதற்குக் கரண்ட் பில் கட்டுவதும் நகரசபை. கம்பி அறுந்து தொங்கினால் உடனே 1912. விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் நகரசபை. எனக்கு இது புரிவதற்கு ஒரு மழைக்காலம் ஆனது. இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டின, நான் நடுவில் குடையோடு நடந்தேன்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றிக் கேட்கலாம். ஆற்றில் வருகிற தண்ணீரைப் பற்றி நகரசபை என்ன செய்யும்? பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் இரண்டு மாநில அரசுகள் 1970-இல் போட்டது. மணக்கடவு அணை வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. என்று அதில் இருக்கிறது. கோடையில் அந்தப் பேச்சு கவுன்சிலில் எழும், காரசாரமாக ஒரு பிரமேயமும் (தீர்மானம்) நிறைவேறும். உங்கள் வீட்டுக் குழாய் அஜண்டா அதற்குள் நேரமின்றிப் போய்விடும். பார்த்திருக்கிறேன்.

இப்படிச் சொல்வதால் உள்ளாட்சிக்கு ஒன்றுமே முடியாது என்று எண்ண வேண்டாம். பிளாச்சிமடை நமக்குப் பக்கத்தில்தான், பெருமாட்டி பஞ்சாயத்தில். கோக கோலா ஆலை வந்தபின் கிணற்றுத் தண்ணீர் குறைந்து, கெட்டும் போனதென்று 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் சமூகத்து மயிலம்மா அதன் முகமாக இருந்தார். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. வழக்குகள் நடந்தன, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பஞ்சாயத்து ஆபீஸ் மேசையில் உரிமத்தைப் புதுப்பிக்கிற விஷயமும் ஒரு அஜண்டாவாகத்தான் வருகிறது.

மனு எழுதுவது

என் முதல் மனுவில், ‘எங்கள் பகுதியில் போதிய பாதுகாப்போ சுகாதாரமோ இல்லை, தாங்கள் ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். பணிவு நிறைய இருந்தது, வேறொன்றும் இல்லை. அதைத் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மனுவும் அதோடு சரி.

இரண்டாவது மனுவை ஓய்வு பெற்ற ஒரு கிளார்க் மாமா உட்காரவைத்து எழுதச் சொன்னார். கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

‘இந்த வார்டு, இந்தச் சந்து. மின்கம்பம் எண் இது. ஜூன் 6-ஆம் தேதியிலிருந்து விளக்கு எரியவில்லை. சந்தின் நீளம் சுமார் 80 அடி. இடது பக்கம் ஓடை, 3 இடத்தில் மூடி இல்லை. மாலை ஆறரைக்கு மேல் 9 பிள்ளைகள் இந்த வழியாக டியூஷனிலிருந்து வருகிறார்கள். விளக்கும் 3 மூடியும் வேண்டும்.’

அவ்வளவுதான். கம்ப எண் கம்பத்திலேயே பெயிண்டில் எழுதியிருக்கும், இருட்டுவதற்கு முன் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம். நாயையும் விளக்கையும் ஒரே தாளில் எழுதினால் தாள் இரண்டு மேசைக்கு நடுவே நிற்கும். விளக்கு இன்ஜினியரிங் பிரிவுக்கு, நாய் ஹெல்த் பிரிவுக்கு.

நகரசபையின் ஃப்ரண்ட் ஆபீஸில் கொடுத்து ‘கைப்பற்று ரசீது’, அதாவது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது கேளுங்கள். ரசீதில் எண் இருக்கும், அதுதான் இனிமேல் உங்கள் மனுவின் பெயர். நேரில் போக முடியாதவர்கள் கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் தளத்தில் பதியலாம். 2024 ஜனவரி 1 முதல் கேரள நகரசபைகளின் வேலை அதற்குள் வந்துவிட்டது, எண் அதிலும் கிடைக்கும்.

சரி, எந்த மொழியில் எழுதுவது? அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் தனியாகவே இடம் கொடுத்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். ஆகவே தமிழ் மனுவை யாராவது திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆனாலும் என் யோசனை, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். உரிமை நம்முடையது என்றாலும் ஓடையைப் பார்க்க வரப்போகிற ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டர் கோட்டயத்துக்காரராக இருந்தால் அவருக்கும் புரிய வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கிறது, எழுதச் சொல்லுங்கள்.

(இங்கே மொழிச் சண்டை பெரிதாகக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் கும்ப மாதம் கொங்கன்படை என்ற திருவிழா நடக்கும், கொங்கு நாட்டுப் படையைத் துரத்தியடித்த கதை. அதை முன்வரிசையில் நின்று ரசிக்கிற பலர் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ்.)

கூட்டத்துக்கு முன்

சுகாதார விஷயம் எல்லாம் ஹெல்த் ஸ்டாண்டிங் கமிட்டி வழியாகத்தான் கவுன்சிலுக்கு வரும். அதன் சேர்மன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கவுன்சிலரும் அவரும் வேறு வேறு கட்சியாக இருக்கலாம், அதனால் ஒன்றுமில்லை. இருவருக்கும் மனுவின் நகலைக் கொடுங்கள். உங்கள் கவுன்சிலர் உங்களுக்குப் பிடிக்காத கட்சி என்றாலும் அவரைத் தாண்டிப் போகாதீர்கள். தாண்டிப் போன மனு அவர் ஒரு வார்த்தை சொன்னால் ‘மாற்றிவெச்சு’.

அஜண்டா சில நாள் முன்பே கவுன்சிலர் கைக்கு வந்துவிடும். கூட்டத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் போன் போட்டு, “நம்ம விஷயம் எத்தனையாவது நம்பருங்க?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே நீங்கள் விவரமான ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நம்பர் இல்லை என்றால் நாளை போவதில் பிரயோசனமில்லை.

கூட்ட நாள்

அரை மணி நேரம் முன்னதாகப் போய், வெளியே இருக்கிற ஊழியரிடம் பார்வையாளராக வந்திருப்பதாகச் சொல்லுங்கள். கூட்டம் பொதுமக்கள் பார்க்கக்கூடியதுதான், ஆனால் வெளியே போகச் சொல்லும் அதிகாரம் தலைமை வகிப்பவருக்கு உண்டு. போனை அமைதியில் போடுங்கள். வீடியோ எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டு மூன்று பேர் போதும். ஒரு நோட்டும் பேனாவும், ஒரு பாட்டில் தண்ணீரும்.

அங்கே காதில் விழுகிற மலையாளம் நமக்குப் புரிகிற மாதிரியே இருக்கும், ஆபத்தே அதில்தான். ‘வெள்ளம் இல்லா’ என்று ஒரு கவுன்சிலர் கத்தினால் ஊரில் வெள்ளம் வடிந்துவிட்டது என்று மகிழ வேண்டாம், குழாயில் தண்ணீர் வரவில்லை. நம்முடைய வெள்ளம் அவர்களுக்கு வெள்ளப்பொக்கம். ‘பனி கூடுதலாணு’ என்று மார்ச் மாத நாற்பது டிகிரி வெயிலில் சொல்வார்கள். பனி என்றால் காய்ச்சல். டெங்கிப்பனி, எலிப்பனி எல்லாம் அந்தக் குடும்பம். ‘அடியந்திரம்’ என்றால் நமக்குப் பதினாறாம் நாள் காரியம் நினைவுக்கு வரும், அங்கே அவசரம் என்று பொருள். பராதி என்றால் புகார், அபேட்சை என்றால் விண்ணப்பம், மாலின்யம் என்றால் குப்பை, ஓட என்றால் சாக்கடை, பிரமேயம் என்றால் தீர்மானம். ஒத்துக்கொள்ளாத கவுன்சிலர் எழுதிக் கொடுப்பது வியோஜனக் குறிப்பு.

மாற்றிவெச்சு உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

சத்தம், மேசை தட்டல், நடுக்கூடத்தில் வந்து நிற்பது, வெளிநடப்பு இதெல்லாம் இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் படபடப்பாக இருக்கலாம். பல சமயம் சண்டைக்கு நடுவிலேயே பத்துப் பன்னிரண்டு நம்பர்கள் ‘அங்கீகரிச்சு’ (ஒப்புதல் ஆகிவிட்டது) என்று போய்க்கொண்டிருக்கும். சண்டையைப் பார்க்காமல் நம்பரைக் கவனியுங்கள். உங்கள் நம்பர் வந்ததும் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன முடிவு, யாருக்கு வேலை ஒப்படைத்தார்கள், பணம் எந்தக் கணக்கிலிருந்து. மூன்றாவது சொல்லப்படவில்லை என்றால் முடிவு காகிதத்தில் மட்டும்தான்.

சுகாதார அஜண்டா வரும்போது

மழைக்கு முன் நடக்கிற கூட்டங்களுக்கு அவசியம் போங்கள். ஓடை தூர்வாருவது, கொசு மருந்து, கிணறு குளோரின், நாய்த் தடுப்பூசி எல்லாம் அப்போதுதான் வரும். நான் கவனித்தவரை, இவற்றில் பாதி வேலை நம் பங்குக்குத் திரும்பி வருகிறது. ஆகவே அதையும் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கிணறு. ‘எல்லாக் கிணற்றுக்கும் குளோரின்’ என்று முடிவெடுப்பார்கள், ஆஷா வர்க்கர் பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடு வருவார். எவ்வளவு போட வேண்டும் என்ற கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கனமீட்டர் வரும். எங்கள் கிணறு விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர். கணக்குப்படி 9.42 கனமீட்டர், அதாவது 9,420 லிட்டர். கிட்டத்தட்ட 24 கிராம் போதும். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, வாளித் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டால் வம்பில்லை. திறந்து நாளான பொட்டலத்துக்கு வீரியம் இருக்காது. என் கணவர் ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று கண்ணளவாகப் போட்டதில் இரண்டு நாள் காப்பியில் நீச்சல் குளம் மணத்தது.

கொசு. புகை அடிக்கச் சொல்லி மனு கொடுப்பதைவிட டிரை டே, அதாவது தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிக் காயவைக்கிற நாள், கடைப்பிடிக்கச் சொல்லி வார்டு சபையில் பேசுங்கள். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், முட்டை அப்படியே இருக்கும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். அதனால்தான் வாரம் ஒரு நாள்: வெள்ளி பள்ளிக்கூடம், சனி அலுவலகம், ஞாயிறு வீடு. நம் பக்கம் தேங்காய் மட்டையும் சிரட்டையும்தான் பெரிய தொட்டில். ஃபிரிட்ஜின் பின்தட்டையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

எலிக்காய்ச்சல். வயலிலும் ஓடையிலும் இறங்குகிறவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருவார்கள். தோப்பு வேலைக்கு வந்திருக்கிற நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. மழை தொடங்கினதும் உங்கள் வார்டில் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

நாய். இதில்தான் கூட்டங்களில் அதிக நேரம் கரைகிறது. ‘பிடித்துக் கொல்லுங்கள்’ என்று மனு கொடுக்காதீர்கள், சட்டப்படி நகரசபையால் முடியாது. 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களில் மட்டும் திரும்ப விடாமல் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஆகவே உங்கள் மனுவில், எந்த இடத்தில், எத்தனை நாய், எந்த நேரம், பக்கத்தில் என்ன பள்ளிக்கூடம் என்று எழுதினால் உபயோகம். கடித்துவிட்டால் மனு அப்புறம். முதலில் குழாய்க்கு அடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, நேராக ஆஸ்பத்திரி. அன்றைக்கும் 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி. காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் உண்டா என்று அங்கேயே கேளுங்கள். நாலாவது ஊசியை மறந்துவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். காலண்டரில் வட்டம் போடுங்கள்.

குப்பை கொட்டுகிறவர்களைப் பற்றிக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். போட்டோ எடுத்து 9446700800 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு இடத்தோடு அனுப்பலாம். வீடு வீடாகக் குப்பை எடுக்கிற ஹரித கர்ம சேனை அக்காவுக்கு மாதப் பணம் கொடுக்காமல் இருந்துகொண்டு குப்பை மனு மட்டும் கொடுத்தால், கவுன்சிலர் முதலில் அந்தப் பணம் கட்டிய அட்டையைத்தான் கேட்பார்.

பழைய ஊழியர்களிடம் பேசினால் ஒரு சுவையான விஷயம் சொல்வார்கள். பாலக்காடு ஒரு காலத்தில் மதராஸ் மாகாணம், சித்தூர் கொச்சி ராஜ்ஜியம். அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சுகாதாரச் சட்டம் வேறு வேறாக இருந்தது: அங்கே 1939-இன் மதராஸ் சட்டம், இங்கே 1955-இன் திருவிதாங்கூர்–கொச்சி சட்டம். 2023-இல் கேரளப் பொது சுகாதாரச் சட்டம் வந்துதான் இரண்டும் ஒன்றானது. யாராவது பழைய சட்டத்தின் பெயரைச் சொல்லித் தட்டிக் கழித்தால் இது ஞாபகமிருக்கட்டும்.

அம்மா வீட்டுப் பக்கம் ஓட்டு இருப்பவர்களுக்கு

எல்லைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வைத்திருப்பவர்களுக்கு முறை வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை. நகரங்களில் 2022 முதல் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் வந்திருக்கின்றன. மனு எழுதுகிற முறையும் ரசீதும் எங்கும் ஒன்றுதான்.

கூட்டம் முடிந்த பிறகு

முடிவு அங்கீகரிச்சு என்றால் கம்பத்தில் விளக்கு ஏறிவிட்டது என்று நினைக்காதீர்கள். மினிட்ஸ் எழுதிக் கையெழுத்தாகி, எஸ்டிமேட் போட்டு, ஆள் வர வேண்டும். இரண்டு வாரம் கழித்து ரசீது எண்ணோடு சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போங்கள். கோபமாகப் போகாதீர்கள், வெறுங்கையோடும் போகாதீர்கள்: நோட்டில் எழுதிய தேதியும் அஜண்டா நம்பரும் கையில் இருக்கட்டும். “ஏனுங்க சார், அன்னைக்கு இத்தனாம் நம்பர்ல பாஸ் ஆச்சுங்களே” என்று ஆரம்பித்தால் அவர் கோப்பை எடுக்காமல் இருக்க முடியாது. எங்கள் விளக்கு அப்படித்தான் வந்தது, மூன்றாவது கூட்டத்துக்கு அப்புறம். மூடிகள் இரண்டு வந்தன. மூன்றாவதற்குப் புது ரசீது வைத்திருக்கிறேன்.

எதுவுமே நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மினிட்ஸ் நகல் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்த விண்ணப்பத்தை மட்டும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதனால் மலையாளத்திலேயே எழுதிவிடுங்கள், தமிழில் எழுதி ஒரு மாதத்தை இழக்க வேண்டாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘இந்தத் தேதிக் கூட்டத்தின், இந்த நம்பர் முடிவின் நகலும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையின் நகலும்’ என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட்டு ஃபீ ஸ்டாம்பாக ஒட்டுவது இங்கே வழக்கம். ஸ்டாம்பு வெண்டர் மதியம் சாப்பிடப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.